எந்தப் படகு என்று கேட்கிறது கம்பைலர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தொண்டிப் பக்கம் ஊர், கல்லூரியில் கடைசி வருடம், சித்தப்பாவின் இரண்டு விசைப்படகுகளுக்கு டீசல் கணக்கு பார்க்க ஜாவாவில் ஒரு புராஜெக்ட். ‘படகு’ என்று ஒரு கிளாஸ் (படகு எப்படி இருக்கும் என்று சொல்லும் வரைபடம்), அதில் மீதி டீசலைச் சொல்லும் ஒரு மெத்தட் (பெயர் வைத்த ஒரு வேலை), அதே கிளாஸில் நிரல் தொடங்கும் இடமான மெயின். மெயினுக்குள் அந்த மெத்தடின் பெயரை எழுதியதும் ‘நான்-ஸ்டேடிக் மெத்தட் கேனாட் பி ரெஃபரன்ஸ்டு ஃப்ரம் எ ஸ்டேடிக் கான்டெக்ஸ்ட்’ என்று, அதாவது ஸ்டேடிக் இடத்திலிருந்து ஸ்டேடிக் அல்லாத மெத்தடைக் குறிப்பிட முடியாது என்று எரர் வந்திருக்கிறது. எடிட்டர் காட்டிய மஞ்சள் பல்பை அழுத்தி மெத்தடை ஸ்டேடிக் ஆக்கினீர்கள். அடுத்து, மெத்தடுக்குள் இருந்த டீசல் வேரியபிளில் அதே மாதிரி எரர். அதையும் ஸ்டேடிக் ஆக்கினீர்கள். சிவப்புக் கோடெல்லாம் போய்விட்டது. ஆனால் 300 லிட்டர் ஊற்றிய படகும் 450 என்கிறது, 450 ஊற்றிய படகும் 450 என்கிறது. ‘மெயின்லேர்ந்து சாதாரண மெத்தடைக் கூப்பிடவே முடியாதாண்ணே?’ என்று முடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி. ஆனால் உள்ளே இரண்டு இருக்கின்றன. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் ஏன் தடுக்கிறது என்பது ஒன்று. தடுக்காமல் விட்ட பிறகு இரண்டு படகும் ஏன் ஒரே கணக்கைச் சொல்கின்றன என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கூப்பிட முடியுமா என்றால், தாராளமாக முடியும். எந்தப் படகு என்று சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் ஒன்றாம் எண் கூண்டு ஏறுகிறது. அது மேரியின் படகுக்கு ஒன்று, முனியசாமி படகுக்கு ஒன்று என்று ஏறுவதில்லை. துறைமுகத்துக்கே ஒன்றுதான். தடைக்காலத்தில் எல்லாப் படகும் கரையேறிக் கிடந்தாலும், துறையில் ஒரு படகுகூட இல்லாவிட்டாலும், ஏற வேண்டிய நேரத்தில் கூண்டு ஏறும். ஸ்டேடிக் என்றால் அதுதான். கிளாஸுக்குச் சொந்தம், ஆப்ஜெக்ட் (கிளாஸை வைத்து உருவாக்கும் ஒரு தனிப் படகு) ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இருக்கும். மீதி டீசல் அப்படியல்ல. அது இந்தப் படகின் டேங்கில் இருப்பது. கூண்டுக்கு அடியில் போய் நின்றுகொண்டு ‘டீசல் எவ்வளவு மீதி இருக்கு?’ என்று கேட்டால், பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்த்து ‘எந்தப் படகுல தம்பி?’ என்பார். கம்பைலர் உங்களிடம் கேட்டதும் அதே கேள்விதான். அதன் வாசகம் நீளமாகவும் மிரட்டலாகவும் இருப்பதால் தடை உத்தரவு மாதிரித் தெரிகிறது.

இதே உதாரணத்தில் மறுபக்கமும் இருக்கிறது. எந்தப் படகில் நின்றாலும் கூண்டை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் சாதாரண மெத்தடுக்குள்ளிருந்து ஸ்டேடிக் மெத்தடைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கம்பைலர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கூண்டிலிருந்து பார்த்தால் ‘என் படகு’ என்று ஒன்று கிடையாது. ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேடிக் வேரியபிள் ஒரு ஜேவிஎம்முக்கு (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) ஒன்று என்று பாடத்தில் சொல்வார்கள். துல்லியமாகச் சொன்னால் ஒரு கிளாஸ்லோடர் (கிளாஸை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) ஏற்றிய ஒரு கிளாஸுக்கு ஒன்று. உங்கள் புராஜெக்டில் இரண்டும் ஒன்றுதான், கவலை வேண்டாம். பெரிய சர்வர்களில் ஒரே கிளாஸ் இரண்டு முறை ஏறியிருந்தால் அங்கே வித்தியாசம் தெரியும்.

உவமையை விட்டுவிட்டு இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்டேடிக் அல்லாத ஒவ்வொரு மெத்தடுக்கும் நீங்கள் எழுதாத ஒரு பாராமீட்டர் இருக்கிறது. அதன் பெயர்தான் ‘திஸ்’. ‘முதல்படகு.டீசல்மீதி()’ என்று எழுதினால், புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கும் முதல்படகு அந்த மறைவான பாராமீட்டராக உள்ளே போகிறது. மெத்தடுக்குள் வெறுமனே ‘டீசல்’ என்று நீங்கள் எழுதுவதை ‘திஸ்.டீசல்’ என்றுதான் கம்பைலர் வாசிக்கிறது. இதைக் கண்ணால் பார்க்கலாம். கம்பைல் ஆன கிளாஸ் ஃபைலை ‘ஜாவாப்’ கருவியில் ‘-சி’ போட்டு ஓட்டிப் பாருங்கள். டீசல்மீதி மாதிரித் தன் வேரியபிளைப் படிக்கும் சாதாரண மெத்தட் ‘ஏலோட்_0’ என்று தொடங்கும். பூஜ்யமாவது இடத்தில் இருக்கும் திஸ்ஸை எடுக்கிறது என்று அர்த்தம். ஸ்டேடிக் மெத்தடில் அந்தப் பூஜ்யமாவது இடத்தில் உங்கள் முதல் பாராமீட்டர் உட்கார்ந்திருக்கும், திஸ் என்பதே இருக்காது. கூப்பிடும் கட்டளையும் வேறு. ஒன்றுக்கு ‘இன்வோக்வெர்ச்சுவல்’, மற்றதற்கு ‘இன்வோக்ஸ்டேடிக்’. முதலாவது வேலை செய்ய ஸ்டாக்கில் ஓர் ஆப்ஜெக்ட் காத்திருக்க வேண்டும். மெயின் ஸ்டேடிக், அதனிடம் திஸ் இல்லை. நீங்களும் புள்ளிக்கு இடப்பக்கம் எதையும் எழுதவில்லை. கம்பைலர் எதை எடுத்துக் கொடுக்கும்? இதுவரை சொன்னது எல்லாம் மொழியின் விதி, இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். வாசிக்கத் தோதாக இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன், கீவேர்டுகளை மட்டும் நீங்கள் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடியுங்கள். (கிளாஸ், மெத்தட், வேரியபிள் பெயர்களை ஜாவாவில் தமிழிலேயே வைக்கலாம். ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், பழைய வர்ஷன் என்றால் கம்பைல் செய்யும்போதும் யூடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டியிருக்கலாம். என் மாணவர்களை முதல் மாதம் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன். எது மொழியின் சொல், எது தான் வைத்த பெயர் என்று பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் பிரிந்துவிடுகிறது.) மெயினுக்குள் ‘படகு முதல்படகு = நியூ படகு(300);’ என்று ஒரு வரி, ‘படகு இரண்டாம்படகு = நியூ படகு(450);’ என்று ஒரு வரி. பிறகு ‘முதல்படகு.டீசல்மீதி()’, ‘இரண்டாம்படகு.டீசல்மீதி()’. மெத்தடிலும் வேரியபிளிலும் இருக்கும் ஸ்டேடிக்கை எடுத்துவிடுங்கள். மெயினில் இருப்பதைத் தொட வேண்டாம்.

இந்த இடத்தில் பாதிப் பேர் விழும் குழி ஒன்று உண்டு. ‘ஆப்ஜெக்ட் வேணும், அவ்வளவுதானே’ என்று, கூப்பிடும் இடத்திலெல்லாம் ‘நியூ படகு().டீசல்மீதி()’ என்று எழுதிவிடுவார்கள். ஆர்க்யூமெண்ட் வாங்காத கன்ஸ்ட்ரக்டரும் (ஆப்ஜெக்டைக் கட்டும் பகுதி) கிளாஸில் இருந்தால் எரர் வராது. விடை பூஜ்யம் வரும். ஏனென்றால் ஒவ்வொரு நியூவுக்கும் புதுப் படகு ஒன்று கட்டி இறக்குகிறீர்கள். டேங்க் காலி. நேற்று 300 லிட்டர் ஊற்றிய படகு வேறெங்கோ நிற்கிறது. கம்பைலர் எந்தப் படகு என்று கேட்டதற்கு ‘ஏதோ ஒரு படகு’ என்று பதில் சொன்ன கதை இது. ஒரு தடவை கட்டிய ஆப்ஜெக்டை வேரியபிளில் பிடித்து வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை அதையே பயன்படுத்த வேண்டும். வேறு மெத்தடுக்கு அது தேவைப்பட்டால் பாராமீட்டராகக் கொடுங்கள். ‘ஸ்டேடிக் வாய்ட் அச்சிடு(படகு பா)’ என்று எழுதி உள்ளே ‘பா.டீசல்மீதி()’ என்று கூப்பிட்டால் அது முழுக்கச் சரி. ஸ்டேடிக் மெத்தடுக்குள்ளிருந்து சாதாரண மெத்தடைக் கூப்பிடுவதில் ஒரு குற்றமும் இல்லை.

இப்போது அந்த மஞ்சள் பல்பு. அதற்கு உங்கள் சித்தப்பாவின் படகுகளைத் தெரியாது. எரரைப் போக்க இருக்கும் குறுக்கு வழிகளில் ஒன்றைக் காட்டுகிறது. மெத்தடை ஸ்டேடிக் ஆக்கினால் அது தொடும் வேரியபிளும் ஸ்டேடிக் ஆக வேண்டும், அது கூப்பிடும் மெத்தடும் ஆக வேண்டும். நூல் இழுத்த மாதிரி கிளாஸ் முழுக்க ஸ்டேடிக் ஆகிவிடும். முழு நிரலை நீங்கள் போடவில்லை, அதனால் அடுத்து சொல்வது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். டீசல் வேரியபிள் ஸ்டேடிக் ஆனதும் இரண்டு படகுக்கும் சேர்த்து ஒரே டேங்க் ஆகிவிட்டது. முதல் கன்ஸ்ட்ரக்டர் 300 என்று எழுதியது, இரண்டாவது அதன்மேலேயே 450 என்று எழுதியது. கடைசியில் எழுதியது நின்றது. சந்தேகம் இருந்தால் படகுகளை வரிசை மாற்றி உருவாக்கிப் பாருங்கள். இரண்டும் 300 என்று வந்தால் நான் சொன்னது சரி.

இதில் எனக்கு வருத்தமான விஷயம், ஸ்டேடிக் மெத்தடை ‘முதல்படகு.டீசல்மீதி()’ என்று ஆப்ஜெக்ட் வழியாக எழுதுவதையும் ஜாவா அனுமதிப்பதுதான். படிக்கிறவருக்கு அது முதல் படகைக் கேட்பது மாதிரியே இருக்கும். உண்மையில் கம்பைலர் அந்த வேரியபிளின் டைப்பை மட்டும் பார்த்து, கிளாஸின் மெத்தடைக் கூப்பிடுகிறது. எவ்வளவு தூரம் என்றால், முதல்படகு நல் ஆக (எந்த ஆப்ஜெக்டையும் காட்டாமல் வெறுமையாக) இருந்தாலும் அந்த வரி நல்பாயிண்டர் எக்செப்ஷன் இல்லாமல் ஓடிவிடும். எடிட்டர் மெல்லிய மஞ்சள் கோடு போடும், ‘-எக்ஸ்லின்ட்’ போட்டுக் கம்பைல் செய்தால் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை எரராகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேடிக்கைக் கூப்பிடும்போது எப்போதும் கிளாஸ் பெயரை வைத்தே கூப்பிடுங்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் இந்தக் கரையில் ஓர் ஐஸ் பிளான்ட்டுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பிரௌசரில் ஓடுவது, இரண்டு கவுண்டர். ‘இப்போதைய வாடிக்கையாளர்’ என்ற வேரியபிளை எல்லா இடத்திலிருந்தும் சுலபமாக எடுக்கலாம் என்று ஸ்டேடிக் ஆக வைத்திருந்தேன். என் கம்ப்யூட்டரில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. விசைப்படகுகள் கிளம்பும் நாள் காலையில் பிளான்ட் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. இரண்டு கவுண்டரிலும் ஒரே நேரத்தில் பில் அடித்தார்கள். ஒருவர் ஏற்றிய இருபது ஐஸ் கட்டிக்கு இன்னொருவர் பெயரில் பில் வந்தது. பணம் கட்ட வந்தவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது என் போட்டு நம்பர் இல்லையே’ என்று நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் அவசரத்தில் இருந்தவர் அவர். சர்வரில் ஒவ்வொரு கவுண்டரின் வேண்டுகோளும் தனித் த்ரெட்டில் (தனி வேலை ஓட்டத்தில்) ஓடுகிறது, ஸ்டேடிக் வேரியபிளோ எல்லா த்ரெட்டுக்கும் ஒன்றுதான். ஒரு கவுண்டர் பெயரை எழுதி, அச்சடிப்பதற்குள் இன்னொரு கவுண்டர் வந்து மாற்றி எழுதிவிட்டது. அன்று பகல் முழுக்கக் கையால் பில் போட்டார்கள். உங்கள் 450-ம் அந்த ஐஸ் பில்லும் ஒரே பிழைதான். உங்களுக்கு அது மேசையிலேயே தெரிந்துவிட்டது.

அப்படியானால் ஸ்டேடிக்கே கூடாதா என்றால், கூடும். இனி சொல்வதில் என் அபிப்பிராயம் கலந்திருக்கிறது, வேறு மாதிரி சொல்லும் அனுபவசாலிகளும் உண்டு. நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றே: இந்த மெத்தட் பதில் சொல்ல எந்தப் படகு என்று தெரிய வேண்டுமா? தெரிய வேண்டாம் என்றால் ஸ்டேடிக். லிட்டரையும் விலையையும் வாங்கி ரூபாய் சொல்லும் மெத்தட் ஸ்டேடிக் ஆக இருப்பதுதான் அழகு. ‘மேத்’ கிளாஸில் இருப்பவை எல்லாம் அப்படித்தான்.

ஆனால் சோதனைக்குப் பதில் நிரலில் இல்லை, கரையில் இருக்கிறது. தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தேதியை வாங்கி ‘இது தடைக்காலமா’ என்று சொல்லும் மெத்தடை ஸ்டேடிக் ஆக எழுதலாம், தேதி எல்லாருக்கும் ஒன்றுதான். ‘இன்று கடலுக்குப் போகலாமா’ என்பதையும் அதே மாதிரி ஸ்டேடிக் ஆக எழுதினால் தப்பாகிவிடும். தடை விசைப்படகுக்கு, நாட்டுப்படகுக்கு இல்லை. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போய்வருகின்றன. ஆக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தப் படகு என்று தெரிந்தாக வேண்டும், அது ஸ்டேடிக் ஆக இருக்க முடியாது. அதுவே உள்ளே ஸ்டேடிக் மெத்தடைக் கூப்பிட்டுத் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளும். படகிலிருந்து கூண்டைப் பார்ப்பது மாதிரி. இன்னொன்று, அந்த 61 என்ற எண்ணை ‘ஸ்டேடிக் ஃபைனல்’ என்று நிலையாக அடித்துவைக்கத் தோன்றும். முன்பு அது 45 நாளாகத்தான் இருந்தது. டீசல் விலையும் அப்படித்தான் மாறுகிறது. ஒரு நிமிடத்தில் அறுபது நொடி என்பது மாதிரி மாறாததை மட்டும் நிலையாக்கி, அரசாணையால் மாறக்கூடியதை ஃபைலிலோ டேட்டாபேஸிலோ வைத்து வாசித்துக்கொள்வது நல்லது.

இதே எரர் வேறு முகத்தோடும் வரும், இரண்டை மட்டும் சொல்கிறேன். படகு கிளாஸுக்குள் ‘இன்ஜின்’ என்று இன்னொரு கிளாஸ் எழுதி மெயினில் ‘நியூ இன்ஜின்()’ என்றால் ‘நான்-ஸ்டேடிக் வேரியபிள் திஸ்’ என்று எரர் வரும். நீங்கள் திஸ் என்று எங்குமே எழுதாமல் அது எங்கிருந்து வந்தது என்று குழம்புவீர்கள். உள் கிளாஸ் ஆப்ஜெக்ட் ஒவ்வொன்றும் ஒரு வெளி ஆப்ஜெக்டோடு ஒட்டியே பிறக்கும், அந்த வெளி ஆப்ஜெக்டைத்தான் கேட்கிறது. இன்ஜினுக்குப் படகின் விவரம் வேண்டாம் என்றால் உள் கிளாஸை ஸ்டேடிக் ஆக்குவதே சரி. இங்கே மட்டும் பல்பு சொல்வதைக் கேட்கலாம்.

இன்னொரு முகம், லிஸ்டில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்யும் ஸ்ட்ரீம்களில் வரும். ‘படகு::டீசல்மீதி’ என்று மெத்தட் ரெஃபரன்ஸ் கொடுப்பது மெயினிலிருந்தும் செல்லும், ஏனென்றால் லிஸ்டில் இருக்கும் ஒவ்வொரு படகும் அங்கே திஸ் ஆகிவிடுகிறது. ஆனாலும் சில சமயம் அந்த வரியில் இதே ஸ்டேடிக் எரர் வரும். அங்கே அதை நம்பாதீர்கள். பெரும்பாலும் உண்மையான சிக்கல் டைப் பொருந்தாமை. உள்ளே இருப்பது படகு என்று குறிக்காமல் லிஸ்டை வெறும் லிஸ்ட் என்று அறிவித்திருப்பீர்கள், அல்லது கலெக்டர் தருவதும் நீங்கள் வாங்கும் வேரியபிளும் வேறு டைப்பாக இருக்கும். மெத்தட் ரெஃபரன்ஸை எடுத்துவிட்டு ‘பா -> பா.டீசல்மீதி()’ என்று லாம்டாவாக எழுதிப் பாருங்கள், நிஜமான எரர் அநேகமாக வெளியே வந்துவிடும்.

மெயின் மட்டும் ஏன் ஸ்டேடிக் என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஜேவிஎம் கிளம்பும்போது ஆப்ஜெக்ட் ஒன்றும் இல்லை, யாராவது ஒருவர் முதலில் கயிற்றை அவிழ்க்க வேண்டும். 1996-ல் ஜாவா வெளிவந்ததிலிருந்து அந்த இடம் ஸ்டேடிக் மெயினுக்குத்தான். உங்கள் ஆசிரியர் ‘மெயின் கட்டாயம் ஸ்டேடிக்’ என்று சொல்லியிருந்தால், நீண்ட காலம் அது முழுக்கச் சரியாக இருந்தது. 2023-ல் ஜாவா 21-ல் முன்னோட்டமாக வந்து, 2025-ல் ஜாவா 25-ல் உறுதியான மாற்றப்படி, மெயின் சாதாரண மெத்தடாகவும் இருக்கலாம். கிளாஸுக்கு ஆர்க்யூமெண்ட் வாங்காத, பிரைவேட் அல்லாத கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் ஜாவாவே ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி அதன்மேல் மெயினைக் கூப்பிடும். நீங்கள் எந்த வர்ஷன் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 25 ஆகவே இருந்தாலும் இதை உங்கள் சிக்கலுக்கு மருந்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எரர் போகும், ஆனால் ஜாவா உருவாக்கும் அந்தப் படகு சித்தப்பாவின் இரண்டு படகில் எதுவும் இல்லை, மூன்றாவது. அதனால் மெயினைப் படகு கிளாஸிலிருந்து எடுத்து ‘கணக்கு’ என்று தனி கிளாஸில் வையுங்கள். பழைய வர்ஷனிலும் குழப்பம் பாதி அதிலேயே தீரும். தனி கிளாஸிலிருந்து கூப்பிடும்போது புள்ளிக்கு இடப்பக்கம் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும், எந்தப் படகு என்று யோசிக்காமல் எழுத முடியாது.

இன்று ராத்திரியே செய்து பாருங்கள். ஸ்டேடிக்குகளை நீக்கி, இரண்டு படகையும் மெயினில் உருவாக்கி, இரண்டின் மீதியையும் அச்சிடுங்கள். 300, 450 என்று வர வேண்டும். இரண்டும் பூஜ்யம் என்று வந்தால் கன்ஸ்ட்ரக்டரைப் பாருங்கள். பாராமீட்டருக்கும் ‘டீசல்’ என்றே பெயர் வைத்து ‘டீசல் = டீசல்;’ என்று எழுதியிருப்பீர்கள், அது பாராமீட்டரைப் பாராமீட்டரிலேயே ஊற்றுகிறது, டேங்குக்குப் போவதில்லை. இடப்பக்கம் ‘திஸ்.டீசல்’ என்று மாற்றுங்கள். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் கன்ஸ்ட்ரக்டரையும் மெயினையும் முழுசாக இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.